ஹிக்ஸுக்கு அப்புறம் இன்னொரு சுரங்கம் எதற்கு?

6 ஜூலை 2025, காலை

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, அப்படியே:

"2012-ல் ஹிக்ஸ் போசானைக் கண்டுபிடித்தார்கள். பதிமூன்று வருஷம் ஆகிறது, புதிதாக ஒன்றும் வரவில்லை. இப்போது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக, 91 கிலோமீட்டர் சுற்றளவில் இன்னொன்று வேண்டும் என்கிறார்கள். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. இது விஞ்ஞானமா, பிடிவாதமா?"

அவர் சொல்வது, நுண்துகள்களை வட்டச் சுரங்கத்தில் வேகமாக ஓட்டி மோதவிடும் இயந்திரத்தை. தேனி மாவட்டம் தேவாரத்தில் இருபது வருஷமாகப் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வருஷத்துக்கு ஒரு முறையாவது வகுப்பில் எழுந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில், புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி இயந்திரத்தைக் கட்டியபோது விஞ்ஞானிகள் கையில் ஓர் உறுதி இருந்தது. மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் என்று ஒன்று இல்லாவிட்டால், டபிள்யூ துகள்கள் (கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான கனமான துகள்கள்) ஒன்றோடொன்று மோதும் கணக்கு 1 டி.இ.வி. ஆற்றலுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; ஆயிரம் ஜி.இ.வி.) அருகே உடைந்துபோகும். நிகழ்தகவு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்படி நடக்க முடியாது. ஆகவே அந்த ஆற்றலுக்குப் போனால் ஹிக்ஸ் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வேலையைச் செய்யும் வேறொன்று கிடைக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்ப வழியே இல்லை. ஜூலை 4, 2012 அன்று ஹிக்ஸ் போன்ற துகள் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள், நிறை 125 ஜி.இ.வி. (துகளின் நிறையையும் ஆற்றல் அலகிலேயே சொல்வார்கள்.)

அடுத்த இயந்திரத்துக்கு அந்த மாதிரி உறுதி கிடையாது. இதை மறைத்து, "கரும்பொருளை (பிரபஞ்சத்தில் ஒளிராமல் மறைந்திருக்கும் பொருளை) கண்டுபிடிக்கப் போகிறோம்" என்று சத்தியம் செய்கிறவர்கள் பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் காரணம் அது இல்லை.

6 ஜூலை, இரவு

காலையில் விட்டது. "புதிதாக ஒன்றும் வரவில்லை" என்பது சரியில்லை. புரோட்டானுக்குள் இருப்பதுபோன்ற குவார்க் என்ற அடிப்படைத் துகள்கள் சேர்ந்து உருவாகும் கூட்டுத் துகள்கள் எழுபதுக்கு மேல் எல்எச்சியில் புதிதாகக் கிடைத்திருக்கின்றன. நாலு குவார்க், ஐந்து குவார்க் சேர்ந்தவைகூட உண்டு. புதிய அடிப்படைத் துகள் வரவில்லை என்று கேட்டிருந்தால் சரி.

8 ஜூலை

எலக்ட்ரானை மோதவிட ஏன் அவ்வளவு பெரிய வட்டம் வேண்டும், சின்னதாகக் கட்டக்கூடாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போடிமெட்டு ஏறியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்.

பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஜீப் வேகத்தை இழக்கிறது, நேர்ப்பாதையில் மறுபடி மிதிக்க வேண்டியிருக்கிறது. வட்டத்தில் ஓடும் எலக்ட்ரானுக்கும் வளைகிற இடத்திலெல்லாம் ஆற்றல் போகிறது; ஒளியாக வெளியே கொட்டுகிறது. சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்பது இதுதான். ஒரு சுற்றில் இப்படிப் போகும் ஆற்றல், எலக்ட்ரானின் ஆற்றல் இரண்டு மடங்கானால் பதினாறு மடங்காகும். வளைவு அகலமானால் குறையும். அதனால்தான் சுற்றளவைக் கூட்டுகிறார்கள்.

இப்போது எல்எச்சி இருக்கும் அதே 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை ஓடியது லெப் என்ற எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் நேர்மின் இரட்டை) இயந்திரம். கடைசி வருஷத்தில் அதில் ஓடிய ஒவ்வொரு எலக்ட்ரானும் 104 ஜி.இ.வி.யில் இருந்து ஒரே சுற்றில் 3 ஜி.இ.வி.க்கு மேல் இழந்தது. நொடிக்குப் பதினோராயிரம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும். அந்தச் சுரங்கத்தில் அதற்கு மேல் போக முடியவில்லை.

புரோட்டானுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. அது எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனம், இழப்போ நிறையின் நான்காம் அடுக்கில் குறைகிறது. அதன் தொல்லை வேறு: இழப்பு இல்லாததால் ஆற்றலை மிக மேலே ஏற்றலாம், அவ்வளவு ஆற்றலோடு ஓடுவதை வளைக்கப் பலமான காந்தம் வேண்டும். எல்எச்சியில் அப்படி 1,232 இருமுனைக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன், 1.9 கெல்வின் குளிரில். அந்தக் காந்தங்களைத் தாங்கி, மயிரிழை பிசகாமல் நிறுத்திவைக்கும் ஜாக்கிகள் சுமார் 7,000, இந்தியாவிலிருந்து போனவை. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

சரி, நேர்கோட்டிலேயே ஓட்டினால் வளைவே இல்லையே? ஜப்பானில் கிடாகாமி மலைப்பகுதியில் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படி ஒரு திட்டம் பல வருஷமாகக் காத்திருக்கிறது. குறை என்னவென்றால், வட்டத்தில் அதே துகள் கற்றையைத் திரும்பத் திரும்ப மோதவிடலாம். நேர்கோட்டில் ஒரே ஒரு தடவைதான்.

9 ஜூலை

வகுப்பில் எப்போதும் 91 கிலோமீட்டர் வட்டத்தில் புரோட்டான்கள் 100 டி.இ.வி.யில் மோதும் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பழைய மாணவர் ஒருவர் திருத்தினார், இப்போது எம்.எஸ்சி. படிக்கிறார். கடந்த மார்ச் 31 அன்று செர்ன் வெளியிட்ட சாத்தியக்கூறு அறிக்கையில் 14 டெஸ்லா (காந்தப் பலத்தின் அலகு) காந்தங்களை வைத்து சுமார் 85 டி.இ.வி. என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது சரி. எல்எச்சியின் 13.6 டி.இ.வி.யைப் போல ஆறு மடங்கு.

இன்னொன்றையும் அவர் நினைவுபடுத்தினார். அந்த 91 கிலோமீட்டர் சுரங்கத்தில் முதலில் ஓடப்போவது புரோட்டான் இல்லை, எலக்ட்ரானும் பாசிட்ரானும். 2040-களின் பிற்பகுதியில் அது தொடங்கும். புரோட்டான் இயந்திரம் 2070-களில்தான்.

13 ஜூலை

ஞாயிற்றுக்கிழமை, வெளியே சாரல். ஒரு வாரமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

"உங்கள் ஊரிலேயே ஒரு சுரங்கத்தை வேண்டாம் என்றார்களே, ஜெனீவாக்காரனுக்கு மட்டும் நீங்கள் பரிந்து பேசுவதேன்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொட்டிப்புரத்தைச் சொல்கிறார். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்.

தெரியாதவர்களுக்காக: அங்கே வர இருந்தது நியூட்ரினோ ஆய்வகம், மோதல் இயந்திரம் கிடையாது. எதையும் மோதவிடுவதில்லை, முடுக்குவதும் இல்லை. வானத்திலிருந்து தானாக வரும் நியூட்ரினோக்களை, அதாவது எதிலும் அனேகமாகப் படாமல் ஊடுருவிப் போகும் மிக லேசான துகள்களைப் பிடிக்க 50,000 டன் காந்த இரும்பு. மேலே ஒரு கிலோமீட்டர் பாறை. உள்ளே போக இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஐந்து கிலோமீட்டருக்குள் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. 2018 நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், வனவிலங்கு வாரிய அனுமதி இல்லாமல் தொடங்கக்கூடாது என்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழி என்று சொல்லி, இங்கே வேண்டாம் என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நான் அந்தத் திட்டத்தை ஆதரித்தவன். 2015-ல் ஊர் மந்தையில் நாலைந்து பேர் கூப்பிட்டு உட்காரவைத்து, "வாத்தியாரே, நீ சொல்லு, இது என்ன?" என்று கேட்டார்கள். நானும் சொன்னேன். சூரியனிலிருந்து நியூட்ரினோக்கள் நொடிக்கு நொடி நம் உடம்பின் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் வழியாகவும் 6,500 கோடி போகின்றன, ஒன்றும் ஆகவில்லை, எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகாது என்றேன். அணுகுண்டு, கதிர்வீச்சு என்று பரவியிருந்த பேச்சுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் வைத்திருந்தேன்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, மலைமாடு வைத்திருப்பவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. எங்க மாடு எந்தப் பக்கமா மேலேறும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அதுகூடப் பரவாயில்லை, தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் மறுபடி நியூட்ரினோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் எழுந்து போய்விட்டார். பத்து வருஷமாக அது என் மனதில் கிடக்கிறது. அவர் இயற்பியலை எதிர்க்கவில்லை, பாதையைக் கேட்டார்.

அதனால் பரிந்து பேசுவதற்குப் பதில்: ஆமாம், ஜெனீவாவில் கட்டட்டும் என்கிறேன். ஆனால் அங்கேயும் மாடு எந்தப் பக்கமாக ஏறும் என்று முதலில் கேட்டுவிட்டுக் கட்டட்டும். சுரங்கம் சராசரியாக 200 மீட்டர் ஆழத்தில் போகிறது, அது கண்ணுக்குத் தெரியாது. தெரியப்போவது எட்டு இடங்களில் தரைமட்டத்துக் கட்டடங்கள், அங்கிருந்து கீழே இறங்கும் குழிகள், அவற்றின் வழியாக மேலே வரும் 60 லட்சம் கனமீட்டருக்கும் அதிகமான கல்லும் மண்ணும். அதைக் கொண்டுபோய்க் கொட்ட லாரி எந்த ஊர் வழியாகப் போகும் என்பது அங்கே உள்ள விவசாயிக்கு ஹிக்ஸைவிடப் பெரிய கேள்வி. அப்படித்தான் இருக்கும்.

14 ஜூலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுக் குப்பத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஆந்திர எல்லை, வீட்டில் தமிழ். அவருடைய தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவராம். வானிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயம் உலகத்திலேயே முதல்முறை பதிவான இடங்களில் ஒன்று அந்தச் சுரங்கம்தான், 1965-ல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில். பூமிக்கடியில் போய்த் துகள்களைத் தேடுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

அவர் தாத்தா "வெளிச்சம் பார்க்க வந்தவங்க" என்று அந்த விஞ்ஞானிகளைச் சொல்வாராம். அந்தக் கருவிகளில் துகள் பட்டால் மினுக்கென்று ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் உண்டு. தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

19 ஜூலை

செலவு. 1,500 கோடி சுவிஸ் பிராங்க், நம் கணக்கில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எலக்ட்ரான் கட்டத்துக்கு மட்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பல நாடுகள் சேர்ந்து கொடுப்பது. ஆனாலும் பெரிய தொகைதான். பொட்டிப்புரத்துக்கு ஒதுக்கியதைப் போல நூறு மடங்கு.

இவ்வளவு போட்டு எலக்ட்ரான் இயந்திரத்தில் என்ன செய்வார்கள்? இதைத்தான் கேள்வி கேட்ட கம்பத்துக்காரருக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். புரோட்டான் என்பது குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் நிறைந்த மூட்டை. இரண்டு மூட்டை மோதினால் எது எதில் பட்டது என்று தெரியாது, ஏராளமான சிதறல் வரும். எலக்ட்ரானுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. மோதும் ஆற்றல் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். 240 ஜி.இ.வி.யில் வைத்து மோதினால் ஹிக்ஸும் இசட் துகளும் (டபிள்யூவின் உறவுத் துகள்) ஜோடியாக வரும். இசட்டை அளந்தாலே ஹிக்ஸைப் பார்க்காமல் ஹிக்ஸைப் பற்றிச் சொல்லிவிடலாம். ஹிக்ஸ் நம் கண்ணுக்குத் தெரியாத எதுவாகவாவது சிதைந்தால்கூட அங்கே பிடிபடும். இப்படி இருபது லட்சத்துக்கும் மேல் ஹிக்ஸ்களை உண்டாக்குவது திட்டம். 91 ஜி.இ.வி.யில் வைத்தால் சுமார் 6 லட்சம் கோடி இசட் துகள்கள். லெப்பில் பார்த்தது மொத்தம் 1.7 கோடி.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? குவார்க்குகளிலேயே கனமான டாப் குவார்க்கை 1995-ல் அமெரிக்காவில் பெர்மிலாபில் கண்டுபிடித்தார்கள். அதை உண்டாக்கும் ஆற்றல் லெப்புக்கு இல்லை. ஆனால் இசட் துகளின் அளவுகளில் இருந்த சின்னச் சின்ன விலகலை வைத்தே, டாப் என்று ஒன்று இருந்தால் அதன் நிறை ஏறக்குறைய இவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டார்கள், அந்த அளவிலேயே கிடைத்தது. நேரில் போய்ப் பார்க்க முடியாததை அதன் நிழலை வைத்து எடைபோட்டார்கள். அடுத்த இயந்திரத்தை நான் ஆதரிக்கும் முதல் காரணம் இதுதான். துகள் ஒன்றும் புதிதாக வராவிட்டாலும், இந்த அளவீடுகள் வீணாகாது.

20 ஜூலை

அந்த நுணுக்கம் எவ்வளவு என்று காட்ட ஒரு விஷயம். 1992-ல் லெப்பின் ஆற்றல் ஒரே நாளுக்குள் மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். நிலவு கடலை இழுப்பதுபோல் பாறையையும் இழுக்கிறது. 27 கிலோமீட்டர் வளையம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. அதுகூடத் துகள்களுக்குத் தெரிந்தது. பிறகு 1995-ல் இன்னொரு குழப்பம்: பகலில் ஆடுகிறது, நடுராத்திரியில் அடங்குகிறது. தேடிப் பார்த்தால் பக்கத்தில் ஓடும் பிரெஞ்சு அதிவேக ரயில். தண்டவாளத்திலிருந்து கசியும் மின்சாரம் மண் வழியாகச் சுரங்கக் குழாய்க்கு வந்திருக்கிறது.

பௌர்ணமிக்கு எங்கள் அம்மா கிணற்றுத் தண்ணீர் ஏறும் என்பார். அதைப்பற்றி எனக்குத் தெரியாது. பாறை ஏறும் என்பது நிச்சயம்.

27 ஜூலை

இன்று ஒரு திருத்தம், கொஞ்சம் கனமானது.

வேறொருவர் மியூவான் மோதல் இயந்திரம் பற்றிக் கேட்டிருந்தார். நல்ல யோசனைதான் அது. மியூவான் எலக்ட்ரானைப் போலவே உள்ளே ஒன்றுமில்லாத துகள், ஆனால் 207 மடங்கு கனம். நான்காம் அடுக்குக் கணக்கில் வளைவு இழப்பு 180 கோடி மடங்கு குறைந்துவிடும். 10 கிலோமீட்டர் வட்டத்தில் 10 டி.இ.வி. மோதல் சாத்தியம், 91 கிலோமீட்டர் தேவையில்லை. சிக்கல் அதன் ஆயுள்: 2.2 மைக்ரோ நொடி. வேகத்தில் ஆயுள் நீளும், சார்பியல் சொல்கிறபடி; 5 டி.இ.வி. மியூவான் சராசரியாகப் பத்தில் ஒரு நொடி உயிரோடு இருக்கும். அதற்குள் மோதவிட வேண்டும்; அதற்கு முன் உண்டாக்கி, அடக்கி, முடுக்க இன்னும் குறைவான நேரம்தான். பத்தில் ஒரு நொடியில் அந்த வட்டத்தை மூவாயிரம் தடவை சுற்றிவிடும் என்பதால் இது வெறும் கனவில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்க இயற்பியலாளர் குழு இதற்கான ஆராய்ச்சியை ஆதரித்தது.

உள்ளங்கையை நீட்டுங்கள், நொடிக்கு ஒன்றிரண்டு மியூவான் இப்போதும் அதைக் கடந்து போகிறது. பொட்டிப்புரம் கருவிக்கு முன்மாதிரியாக மதுரையில் 85 டன் இரும்பில் வைத்திருக்கும் சின்ன உணர்கருவி இவற்றைத்தான் பதிவு செய்கிறது.

சரி, திருத்தம். மியூவான் சிதையும்போது நியூட்ரினோக்கள் வருகின்றன. இவை சூரிய நியூட்ரினோ மாதிரி சாதுவானவை இல்லை. ஆற்றல் ஏற ஏற நியூட்ரினோ பொருளோடு மோதும் வாய்ப்பும் ஏறும். வட்டத்தின் தளத்திலேயே மெல்லிய தட்டாகப் பரவி, பூமி வளைந்திருப்பதால் தூரத்தில் எங்கோ தரைக்கு மேலே வரும். 200 மீட்டர் ஆழத்தில் கட்டினால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. எங்கள் ஊரிலிருந்து என்றால் ஆண்டிபட்டியைத் தாண்டி. அந்த இடத்தில் அவை உண்டாக்கும் கதிர்வீச்சு, பொதுமக்களுக்கான வரம்பாகிய ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மிகக் கீழே இருக்க வேண்டும் என்று வடிவமைப்பிலேயே கணக்குப் போடுகிறார்கள். கற்றையை மெல்ல மேலும் கீழும் அசைத்து ஒரே இடத்தில் விழாமல் பரப்பலாம், ஆழத்தைக் கூட்டலாம் என்று வழிகளும் வைத்திருக்கிறார்கள்.

13-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். "எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகாது" என்று ஊர் மந்தையில் சொன்னேன். பொட்டிப்புரத்தில் திட்டமிட்டதற்கு அது முழுக்க உண்மை. அங்கே கற்றை எதுவும் கிடையாது. ஆனால் நியூட்ரினோ என்றாலே எங்கேயும் எப்போதும் என்று பொதுவாகச் சொல்லியிருக்கக்கூடாது. அன்றைக்குப் பயந்தவர்கள் தவறான இடத்தில் பயந்தார்கள். நான் தவறான அளவுக்கு உறுதி கொடுத்தேன். இரண்டும் எழுதப்பட வேண்டும்.

28 ஜூலை

மின்சாரம் கேட்டவருக்குச் சுருக்கமாக: இயந்திரங்கள் ஓடும் வருஷத்தில் செர்ன் மொத்தமாக 130 கோடி யூனிட் அளவுக்குச் செலவழிக்கிறது. உச்ச நேரத்தில் சுமார் 200 மெகாவாட். லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தின் நாலு இயந்திரமும் முழு மூச்சில் ஓடினாலும் போதாது. புதியது இன்னும் கொஞ்சம் அதிகம் கேட்கும்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. காலையில் உத்தமபாளையம் போய் முல்லையாற்றில் காலை நனைத்துவிட்டு வந்தேன். நல்ல தண்ணீர். கரையில் நின்றபோது, "2070 வரை யார் காத்திருப்பார்கள்" என்று போன வாரம் ஒருவர் எழுதியதுதான் ஞாபகம் வந்தது.

இந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் வர எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை யோசித்தது 1789-ல். பணம் இல்லை. 1808-ல் கால்டுவெல் என்ற பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, நடக்காத கற்பனை என்று எழுதிவைத்தார். பென்னிகுவிக் வேலையைத் தொடங்கியது 1887. மலையைக் குடைந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கம். 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்தார்கள். நூற்றாறு வருஷம். யோசித்தவர் பார்க்கவில்லை, அவர் பேரன்கூடப் பார்த்திருக்க மாட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைவது அந்த யோசனையால்தான்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது குமுளியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் நண்பர் போன் செய்தார். படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாரே, உங்களுக்கு அது தண்ணீர். வண்டிப்பெரியாறில் என் தங்கச்சி வீடு அணைக்குக் கீழே. மழை பிடித்தால் அவள் ராத்திரி தூங்குவதில்லை. அதையும் எழுதுங்கள்" என்றார். அணை பலமாக இருக்கிறது என்று நான் நம்புகிறேன், அவரிடமும் சொன்னேன். அவர் தங்கை தூங்காததும் உண்மை. எழுதிவிட்டேன்.

4 ஆகஸ்ட்

நேற்றைய உதாரணத்தை ஒருவர் மடக்கிவிட்டார். "பெரியாறு தண்ணீர் வரும் என்று முத்திருளப்ப பிள்ளைக்குத் தெரியும். துகள் வரும் என்று யாருக்கும் தெரியாதே." ஒத்துக்கொள்கிறேன், அந்த இடத்தில் உதாரணம் நொண்டுகிறது. காலத்துக்கு மட்டும் பொருந்தும்.

பாதியில் நின்ற உதாரணமும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸில் 87 கிலோமீட்டர் வளையம், 40 டி.இ.வி.க்கு. 23 கிலோமீட்டர் அளவுக்குத் தோண்டி, 200 கோடி டாலர் செலவான பிறகு, 1993 அக்டோபரில் அவர்கள் நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது. முதலில் சொன்ன செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது ஒரு காரணம். அப்போது அதை நம்பிக் குடும்பத்தோடு அங்கே போன இளம் விஞ்ஞானிகளை நினைத்துப் பார்க்கிறேன். சீனாவிலும் 100 கிலோமீட்டர் வளையத்துக்கு வரைபடம் தயாராக இருக்கிறது. செர்ன் உறுப்பு நாடுகள் முடிவெடுக்க 2028 ஆகும்.

என் வகுப்பில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், நான் படிச்சு முடிச்சுப் போனா எந்த மெஷின்ல வேலை செய்வேன்?" கணக்குப் போட்டோம். எல்எச்சியைக் கூடுதல் மோதல்களுக்கு மேம்படுத்தி 2030-ல் தொடங்குவார்கள், அதில் அவள் ஆராய்ச்சி மாணவி. எலக்ட்ரான் இயந்திரம் தொடங்கும்போது நாற்பதை நெருங்கியிருப்பாள். புரோட்டான் இயந்திரத்துக்கு அறுபத்தைந்து. ஹிக்ஸ் தன்னோடு தானே எவ்வளவு பிணைகிறது என்ற கேள்விக்கு, பிரபஞ்சம் பிறந்த கணத்தில் என்ன நடந்தது என்பதைத் தொடும் கேள்விக்கு, நல்ல விடை தருவது அந்தக் கடைசி இயந்திரம்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப காந்தத்தை நாங்க செஞ்சு வெக்கணும்" என்றாள். அவ்வளவு பலமான காந்தம் ஆயிரக்கணக்கில் இன்னும் செய்யப்படவில்லை. அதற்கு வருஷங்கள் வேண்டும். அந்த வேலை அவள் வயதுக்காரர்களுடையது.

10 ஆகஸ்ட்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கிடைத்தது. மாவட்ட வரைபடத்தையும் இடுக்கி வரைபடத்தையும் ஒட்டவைத்து, 91 கிலோமீட்டர் வட்டத்தை நம் பள்ளத்தாக்கில் போட்டுப் பாருங்கள் என்றேன். எந்தத் திட்டமும் இல்லை, பயிற்சிதான்; இதைப் படித்துவிட்டு யாரும் வதந்தி கிளப்பிவிட வேண்டாம்.

விட்டம் 29 கிலோமீட்டர். போடியில் ஒரு முனை வைத்தால் எதிர்முனை கம்பத்துக்குச் சற்று வடக்கே விழுகிறது. நடுப்புள்ளி தேவாரத்துக்குப் பக்கத்தில். கிழக்கே சின்னமனூரைத் தாண்டிப் போகிறது. மேற்கே மூன்றில் ஒரு பங்கு எல்லையைக் கடந்து, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு அடியில். ஜெனீவாவிலும் அப்படித்தான்: வளையத்தின் பெரும்பகுதி பிரான்ஸில், கொஞ்சம் சுவிட்சர்லாந்தில்.

பிறகு எட்டுப் புள்ளிகள், பதினொரு கிலோமீட்டருக்கு ஒன்று. அங்கேதான் சத்தம் கிளம்பியது. ஒரு புள்ளி கோம்பைக்கார மாணவனின் மாமா தோட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "சார், கொஞ்சம் சுத்திவிடுங்க" என்றான். சுற்றினால் இன்னொரு பெண்ணின் ஊர். அவள் அம்மா தினமும் விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகிறவர். ஜீப் போகும் சாலையிலேயே புள்ளி. மறுபடி சுற்றினால் ஒரு புள்ளி மதிகெட்டான் பக்கம் நகர்கிறது. பெல் அடித்தும் யாரும் எழவில்லை. எட்டுப் புள்ளியும் யார் வீட்டையும் தொடாமல் அமையும் ஒரு சுழற்சியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செர்னில் இதே வேலையைச் சுமார் நூறு வடிவங்கள் போட்டுப் பார்த்துத்தான் இப்போதைய 90.7 கிலோமீட்டருக்கு வந்தார்கள் என்று சொன்னேன். அப்படியென்றால் எங்களுக்கு இன்னும் தொண்ணூறு பாக்கி இருக்கிறது என்றான் கோம்பைக்காரன்.

17 ஆகஸ்ட்

வரைபடத்தை வகுப்புச் சுவரிலேயே விட்டுவைத்திருக்கிறேன். சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்து போய்ப் பார்த்தபோது, நான்காவது புள்ளிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் சின்னதாக ஒரு ஆழ்துளைக் கிணறு வரைந்திருந்தார்கள். யார் என்று கேட்டேன். ஜீப்பில் போகும் அம்மாவின் மகள். 200 மீட்டருக்கு மேலேயே நின்றுவிடுமா, கீழே போகுமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் ஆழம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.